ஒண்ணாந்தேதி அழுகை

வா கண்ணு, உள்ள வா. செருப்பை அங்கயே விடு, ஒண்ணும் ஆகாது. ஹேப்பி நியூ இயர். வருஷ முதல் நாளும் அதுவுமா லட்சுமி மாதிரி வாசப்படி ஏறி வர்ற, எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு. புரோக்கர் சொன்னாரு, வர்றது டீச்சரம்மா, லீவு நாள்லதான் வர முடியும்னு. வேற நாள் வந்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. உக்காரு. ஃபேன் வேணாம்ல? மார்கழிக் குளிரு.

ரூம் எங்க ஓடிப்போகுது, காட்டுறேன். இந்தா, முதல்ல கேசரியைச் சாப்பிடு. இன்னும் கொஞ்சம் வெக்கவா? வேணாங்காத. இன்னைக்கு இனிப்பு சாப்பிட்டா வருஷம் பூரா இனிப்பு. எங்கம்மா சொல்லும், ஒண்ணாந்தேதி என்ன செய்யுறோமோ அதுதான் முந்நூத்திச் சொச்சம் நாளும்னு. சிரிச்சா சிரிப்பு. அழுதா அழுகை. நான் அதுல ரொம்பக் கறார். இந்த வீட்டுல ஒண்ணாந்தேதி ஒரு சொட்டுக் கண்ணீர் விழக்கூடாது. இது வரைக்கும் விழுந்ததில்ல.

வாடகையைப் பத்தி நீ யோசிக்காத. கொறைச்சுக் குடு. எனக்கு அந்த ரூம்ல ஒரு ஆள் இருக்கணும். அதுதான் எனக்கு முக்கியம்.

பாத்துட்டியா? நல்ல பார்வை உனக்கு. ஆமா, கதவுல இருக்கிறது வேப்பிலைதான். ஆமா, தாழ்ப்பாள் வெளிப்பக்கமும் இருக்கு. அந்த எறும்பைத் தாண்டி வா, அது எங்க வீட்டுக்காரரு பண்ற வேலை. தினமும் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணியைக் கொண்டாந்து அந்தக் கதவுக்கிட்ட வெப்பாரு. எறும்பு வராம என்ன செய்யும்? சொன்னா கேக்க மாட்டாரு. எங்கிட்ட அவரு பேசுறதே அபூர்வம்.

உனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருந்துட்டுப் போயிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லாம வெச்சேன். அவங்களா எதையோ கேள்விப்பட்டு, மூட்டையைக் கட்டிட்டாங்க. அதான் உங்கிட்ட முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிடலாம்னு. எம்மடியில கனம் இல்ல, வழியில பயமும் இல்ல.

அந்த ரூம்ல எங்க நாத்தனார் இருந்தாங்க. இவருக்கு அக்கா. பேரு மனோரஞ்சிதம். டெலிபோன் ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவங்க. கல்யாணம் பண்ணிக்கல. அப்பா அம்மா போனப்புறம் தம்பியைப் படிக்க வெச்சு ஆளாக்குனது அவங்கதான், அதை நான் இல்லேங்கல. நானும் அண்ணி அண்ணின்னு கையில வெச்சுத்தான் தாங்குனேன். கேட்டுப் பாரு இந்தத் தெருவுல. சர்க்கரை வியாதி. காலைல அவங்களே ஊசி போட்டுக்குவாங்க, போட்ட கையோட டிபன் வந்துடணும். கொஞ்சம் லேட்டானா போதும், "வத்சலா, வத்சலா"ன்னு குரல் குடுத்துக்கிட்டே இருப்பாங்க. நான் ஒருத்தி எத்தனை பக்கம் ஓடுவேன் சொல்லு.

பல வருஷம் முன்னாடி ஒரு ஒண்ணாந்தேதி எங்க மக இளவரசியைப் பொண்ணு பாக்க வர்றாங்க. கரூர்க்காரங்க. மாப்பிள்ளைக்கு மஸ்கட்ல வேலை. மார்கழியில யாராச்சும் பொண்ணு பாப்பாங்களா? பாக்க மாட்டாங்க. ஆனா அந்தத் தம்பிக்கு லீவு முடியப் போவுது, தை பொறக்குற வரைக்கும் இருக்க முடியாது. அவங்கம்மா போன்ல சொல்லுச்சு, "இங்கிலீஷ் வருஷப் பொறப்புன்னா ஊரே கொண்டாடுது, கவர்மெண்டே லீவு விடுது, அதுவும் நல்ல நாள்தானேங்க, சும்மா வந்து பாத்துட்டுப் போறோம்"னு. இளவரசிக்கு ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு. இது தட்டுச்சுன்னா அப்புறம் அவளுக்கு ராசியில்லாதவன்னு பேர் விழுந்துடும். அந்த அம்மாவும் சகுனம் பாக்குற ஆளு. வழியில பூனை குறுக்க போனா வண்டியைத் திருப்புற ஜாதி.

விடிஞ்சதுலேருந்து அடுப்படியிலதான் நின்னேன். கேசரி, பஜ்ஜி, மத்தியானத்துக்குச் சாப்பாடு. அண்ணி ஊசி போட்டுக்கிட்டுக் கூப்பிட்டாங்க. "இதோ வர்றேன் அண்ணி"ன்னேன். மறுபடி கூப்பிட்டாங்க. நெய் காயுது, ரவை வறுபடுது, நான் எப்படி விட்டுட்டுப் போவேன்? அப்புறம் குரல் நின்னுடுச்சு. சரி, புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நெனைச்சேன்.

எல்லாம் முடிச்சு, தலைக்குக் குளிச்சு, பட்டுப்புடவை கட்டி, சாமிக்கு விளக்கு ஏத்திட்டு, தட்டுல இட்லி எடுத்துக்கிட்டுப் போறேன். கதவைத் தள்ளுறேன். கட்டில்ல கெடக்காங்க. வாய் தொறந்து கெடக்கு. கண்ணு பாதி மூடி பாதி மூடாம. ஒரு கை கட்டிலுக்கு வெளிய தொங்குது. மார்கழிக் குளிருல ஆளு தண்ணியில முக்கி எடுத்த மாதிரி வேர்த்துக் கெடக்காங்க. மரண வேர்வைன்னு சொல்லுவாங்கல்ல, அதான். உதட்டு மேல ஒரு ஈ நடக்குது. "அண்ணி"ன்னேன். "அண்ணி, அண்ணி"ன்னு நல்லா சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். ஒண்ணுமில்ல. எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அய்யோன்னு கத்தியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு. அப்பதான் முன்ரூம்ல இளவரசி தலையில பூ வெச்சுக்கிட்டு, கண்ணாடியைப் பாத்துச் சிரிக்குற சத்தம் கேட்டுச்சு. எம்பொண்ணு சிரிச்சு நான் பாத்து எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா? வாயைப் பொத்திக்கிட்டேன். சொல்லு, நீ என்ன பண்ணியிருப்ப? மார்கழி ஒரு குத்தம். வருஷ முதல் நாள் சாவு இன்னொரு குத்தம். பொண்ணு பாக்க வர்ற அன்னைக்குப் பொணம். அவ வாழ்க்கையே போச்சுல்ல? போன உசுரு போயிடுச்சு, இனி திரும்பப் போவுதா? இருக்கிற உசுரைப் பாப்போம்னு முடிவு பண்ணேன். சாயந்தரம் அவங்க பஸ் ஏறுற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான். ஒரு பகல்.

இவருகிட்டயும் சொல்லல. சொன்னா அவரு முகத்துல எழுதி ஒட்டியிருக்கும். கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, வர்ற வீட்டுப் புள்ளைங்க தெரியாம தொறந்துடக் கூடாதுன்னு பூட்டும் போட்டு, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன்.

இவரு பூ, பழம் எல்லாம் வாங்கிட்டு வந்தாரு. "அக்கா எங்க?"ன்னாரு.

"ராத்திரி பூராத் தூக்கமில்லையாம், இப்பதான் கண்ணசந்தாங்க. எழுப்பாதீங்க."

"சாப்பிட்டாளா?"

"ம்."

அந்த ஒரு 'ம்'தான் கண்ணு நான் சொன்ன பொய். செத்தவங்க சாப்பிட்டாங்களான்னு கேட்டா நான் என்ன சொல்றது?

வந்தாங்க. நல்ல ஜனங்க. மாப்பிள்ளை அடக்கமா உக்காந்திருந்துச்சு. இளவரசி காபி கொண்டாந்து குடுத்தா. எல்லாம் நல்லா போய்க்கிட்டிருக்கு. இவரு சும்மா இருக்காம, "எங்க அக்காவைக் கூப்பிடுறேன், அவ ஆசீர்வாதம் பண்ணணும்"னு எழுந்திரிச்சாரு. நான் அடுப்படிக்கு இழுத்துட்டுப் போனேன். "அண்ணியே சொல்லிட்டாங்க. கல்யாணம் ஆகாத நான் முன்னாடி வந்து நிக்க வேணாம், பொண்ணுக்கு ஆகாதுன்னு"ன்னேன். அவரு கண்ணு கலங்கிடுச்சு. "அக்கா அப்படியா சொன்னா?"ன்னாரு. "ஒண்ணாந்தேதி அழாதீங்க"ன்னு தொடைச்சு விட்டு முன்ரூமுக்கு அனுப்பிட்டேன். சரி, அதையும் பொய்யின்னு வெச்சுக்க. ரெண்டு.

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். பயப்படாத.

மாடி வீட்டுல அப்ப ரோஸ்லின்னு ஒரு பொண்ணு குடியிருந்துச்சு. கிறிஸ்டியன். சர்ச்சுக்குப் போயிட்டு கேக்கு எடுத்துட்டு வந்துச்சு. அதுக்கும் அண்ணிக்கும் ஒட்டு ஜாஸ்தி. ரெண்டும் சாயந்தரமான சந்துல சேரைப் போட்டுப் பேசிக்கிட்டே இருக்கும். "அக்காவுக்குக் குடுக்கணும்"னுச்சு. தூங்குறாங்கன்னேன். சரின்னு கேக்கை எங்கிட்டக் குடுத்துட்டுப் போச்சு. போன கொஞ்ச நேரத்துல திரும்ப ஓடி வருது. சந்துப் பக்கம் போயிருக்கு, ஜன்னல் வழியா பாத்திருக்கு.

"ஆன்ட்டி, அக்கா முழிச்சுக்கிட்டாங்க. கட்டில்லேருந்து எறங்கிக் கீழ உக்காந்திருக்காங்க. ஏதோ மாதிரி பேசுறாங்க. இனிப்பு குடு, இனிப்பு குடுன்னு கேக்குறாங்க. கதவு பூட்டியிருக்கே?"

கண்ணு, யோசிச்சுப் பாரு. செத்துப்போன ஆளு எறங்கி உக்காந்து பேசுது. அதுவும் என்ன கேக்குது பாரு. வாழ்க்கை பூரா வாயைக் கட்டி இருந்தவங்க, உசுரு போனதும் ஆவி இனிப்பு கேக்குது. அடங்காத ஆசையோட போனவங்க அப்படித்தான் கேப்பாங்களாம்.

ரோஸ்லினுக்கு என்ன சொல்றது? "சர்க்கரைக்காரங்க அப்படித்தான் கேப்பாங்க, குடுக்கக் கூடாது. திருட்டுத்தனமா தின்னுடுவாங்கன்னுதான் பூட்டி வெச்சிருக்கேன். நீ மேல போம்மா, வந்தவங்க இருக்காங்க"ன்னேன். அதுக்கும் அது நியாயமாத்தான் பட்டிருக்கும். போயிடுச்சு. போகும்போது திரும்பித் திரும்பிப் பாத்துச்சு.

நான் வேப்பிலையைக் கொண்டாந்து கதவுல சொருகுனேன். வாசப்படியில விபூதியைக் கோடா போட்டேன். முருகா, எம்பொண்ணு காரியம் முடியுற வரைக்கும் உள்ளயே கட்டி வெய்யின்னு வேண்டிக்கிட்டேன். அப்ப உள்ளேருந்து டம்ளர் உருளுற சத்தம். அப்புறம் கதவுல தட்டுற சத்தம். பலமா இல்ல. கையை மடக்கிக் கீழாக்குல, தரையோரமா, டொக்... டொக்... "வத்சலா"ன்னு வேற. ஏதோ கெணத்துக்குள்ளேருந்து கூப்பிடுற மாதிரி. பேய் கூப்பிட்டா பதில் பேசக் கூடாது தெரியும்ல? பேசுனா ஒட்டிக்கும். நான் வாயைத் தொறக்கல. முன்ரூமுக்குப் போனேன், டிவியில நியூ இயர் புரோகிராம் ஓடிக்கிட்டிருந்துச்சு, சத்தத்தை ஏத்தி வெச்சேன். மாப்பிள்ளையோட அம்மா, "எங்க வீட்டுலயும் டிவி இப்படித்தான் அலறும்"னு சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். கேசரி பரிமாறுனேன். "இன்னும் கொஞ்சம்"னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

பொண்ணு புடிச்சிருக்குன்னு சொல்லிட்டுத்தான் எந்திரிச்சாங்க. இவரு பஸ் ஏத்திவிட்டுட்டு வந்தாரு. விளக்கு வெச்சாச்சு. அப்பதான் சாவியைக் குடுத்து, "போய் அக்காவைப் பாருங்க, எனக்கென்னவோ பயமா இருக்கு"ன்னேன்.

கதவு தொறக்கல. பூட்டுத் தொறந்துடுச்சு, கதவு தள்ளுனா நகர மாட்டேங்குது. இவரு தோளைக் குடுத்து மெல்லத் தள்ளுறாரு. அண்ணி கதவை ஒட்டித் தரையில கெடக்காங்க. கன்னத்தைக் கதவுல வெச்சு. நான் காலைல கட்டில்ல பாத்த ஆளு. ஆவி உடம்பை இழுத்துக்கிட்டே வந்திருக்கு பாரு! எங்க ஊர்ப் பக்கம் சொல்லுவாங்க, அப்பல்லாம் நான் நம்புனதில்ல.

லீவு நாள்ல டாக்டர் ஆம்புடுறது எவ்வளவு கஷ்டம். பக்கத்துத் தெரு டாக்டரை வீட்டுலேருந்து கூட்டிட்டு வந்தாரு. அந்தாளு கண்ணைப் பிரிச்சுப் பாத்தாரு, கையைத் தூக்கிப் பாத்தாரு. "இப்பதான் போயிருக்கு. ஒரு மணி நேரம்கூட ஆயிருக்காது"ன்னாரு. "ஊசி போட்டுக்கிட்டு சாப்பிடாம இருந்தாங்களா? சர்க்கரை எறங்கியிருக்கும். யாராச்சும் வாயில ஒரு ஸ்பூன் ஜீனி போட்டிருந்தா..."ன்னு சொல்லிட்டு, எங்க முகத்தைப் பாத்து நிறுத்திட்டாரு.

டாக்டருக்கு என்ன தெரியும்? காலைல பாத்தவ நான். மூடுன ரூமு, உடம்பு சூடு ஆறாம இருந்திருக்கும். ஆனா இவரு டாக்டர் பேச்சைக் கேட்டுக்கிட்டு சாயந்தரத்துத் திதியிலயே எல்லாக் காரியமும் பண்ணிட்டாரு. காலைல வேற திதி கண்ணு. நான் காலண்டரைப் பாத்துத்தான் சொல்றேன். தப்பான திதியில குடுத்தா போனவங்களுக்கு எப்படிச் சேரும்? அதனாலதான் அண்ணி இன்னும் போகாம இங்கயே இருக்காங்க. நானும் வருஷா வருஷம் சொல்றேன், திதியை மாத்துங்க, மாத்துங்கன்னு. அவரு காதுல போட்டுக்கிறதே இல்ல. இதுதான் எனக்கும் அவருக்கும் சண்டை. சண்டைன்னா, நான் மட்டும் போடுற சண்டை.

எடுத்துக்கிட்டுப் போற அன்னைக்கு ரோஸ்லின் வந்து, மாலையைப் போட்டுட்டு, அழுதுக்கிட்டே இவருகிட்ட என்னத்தையோ சொல்லுச்சு. இனிப்பு கேட்டதைத்தான். காரியமெல்லாம் முடிஞ்சு வீட்டுல ஜனம் கொறைஞ்சதும் இவரு எங்கிட்ட வந்தாரு. சத்தம் போடல. கையை ஓங்கல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"நீ அவளைத் தொட்டுப் பாத்தியா?"

"எப்படிங்க தொடுறது?"ன்னேன். "தலைக்குக் குளிச்சு, சாமி விளக்கு ஏத்தியிருந்தேன். பொணத்தைத் தொட்டா தீட்டாச்சே. அப்புறம் எந்தக் கையால வந்தவங்களுக்குக் குங்குமம் குடுக்கிறது? நான் வாசப்படியிலயே நின்னு பாத்தேன். உள்ள கால்கூட வெக்கல."

உண்மையைத்தானே சொன்னேன்? எம்பொண்ணுக்குத் தீட்டுக் கையால குங்குமம் வெச்சு விடச் சொல்றியா? அவரு திரும்பிப் போயிட்டாரு. அன்னையிலேருந்து ஒண்ணும் சொல்லல.

இளவரசிக்கு ஆவணியில கல்யாணம் முடிஞ்சுது. நல்லா இருக்கா, மஸ்கட்லதான். ஊருக்கெல்லாம் நியூ இயருக்கு மெசேஜ் அனுப்புவா. எனக்கு மட்டும் அனுப்ப மாட்டா. அவங்க அப்பா என்னமோ சொல்லி வெச்சிருக்காரு. இவரும் ஒண்ணாந்தேதி வீட்டுல இருக்க மாட்டாரு. இன்னைக்கும் விடியறதுக்கு முன்னாடி டம்ளரை வெச்சுட்டுக் கெளம்பிட்டாரு. காவேரிப் படித்துறையில போய் உக்காந்துட்டு விளக்கு வெச்சப்புறம்தான் வருவாரு. ஊரே ஜோடி ஜோடியா கோயிலுக்குப் போகுது. நான் இங்க ஒத்தையில டிவியை அலற விட்டுக்கிட்டு. மத்தியானம் ஆச்சுன்னா அந்தக் கதவுகிட்ட, தரையோரமா... இல்ல, இப்ப இல்ல. இப்ப நீ இருக்கல்ல, அதான் கேக்கல.

எதுக்கு எழுந்திரிக்கிற? உக்காரு. இன்னும் சொல்ல வேண்டியதைச் சொல்லலியே.

போன ஐப்பசியில எனக்குத் தலை சுத்துச்சு. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. எனக்கும் சர்க்கரையாம். அண்ணிக்கு வந்த மாதிரியே. மாத்திரை கேக்கல, இப்ப ஊசிதான். அன்னைக்குச் சாப்பிடுறப்ப நான் இவருகிட்ட வாய்விட்டுச் சொன்னேன். "எப்பயாச்சும் நான் கூப்பிட்டும் எழுந்திரிக்காமக் கெடந்தா, பொசுக்குன்னு முடிவு கட்டிடாதீங்க. கிட்ட வந்து தொட்டுப் பாருங்க"ன்னு. அவரு சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் எம்முகத்தைப் பாத்து முழுசா சொன்ன பேச்சு அதுதான்.

"ஒண்ணாந்தேதியா இல்லாம இருந்தா பாக்குறேன்."

அவரு சும்மா சொல்ற ஆளு இல்ல கண்ணு.

அதான் சொல்றேன். வாடகை நீ என்ன குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. பொங்கலுக்கு ஊருக்குப் போ. தீபாவளிக்குப் போ. எல்லா லீவுக்கும் போ. இந்த ஒரு லீவுக்கு மட்டும் இங்க இரு. காலைல எழுந்திரிச்சு என் ரூம் வாசல்ல நின்னு ஒரு குரல் குடு. நான் பதில் பேசலேன்னா உள்ள வா. வாசப்படியிலயே நிக்காத. வந்து என்னைத் தொட்டுப் பாரு. நெத்தியில கை வெய்யி, மூக்குகிட்ட விரலை வெய்யி. வாயில கொஞ்சம் ஜீனியைப் போட்டு விடு. தீட்டு கீட்டுன்னு ஒண்ணும் நெனைச்சுக்காத கண்ணு. குளிச்சா போயிடும்.